கிடார் செட்டில் யார் எத்தனை புள்ளி

விதி 4: "திருமணமான உறுப்பினர் ஒரு புள்ளி. திருமணம் ஆகாதவரும், துணையை இழந்தவரும் அரைப் புள்ளி. வாக்கும் மேடையில் நிற்கும் வரிசையும் புள்ளிப்படியே. முழுப் புள்ளி முன்வரிசை, அரைப் புள்ளி பின்வரிசை."

இது எங்கள் ராக் இசைக் குழுவின் துணைவிதி. வேறு எந்த ஊரிலாவது ராக் இசைக் குழுவுக்கு இப்படி ஒரு விதி உண்டா என்று நான் தேடிப் பார்த்ததில்லை. காரைக்குடியில் உண்டு. எழுதியவர் குழுவின் நிறுவனர். ஊரின் பழைய வணிகக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அந்தக் குடும்பங்களில் கோயில் வரி ஆள் கணக்கில் போகாது, புள்ளிக் கணக்கில் போகும். கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மிஞ்சியவர் அரைப் புள்ளி. கல்யாணம் ஆகாதவனுக்கு அங்கே கணக்கே கிடையாது. எங்களுக்கு அரை கொடுத்தது நிறுவனரின் பெருந்தன்மை. அவருக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் கழித்து, குழுவில் அவர் ஒருவர் மட்டுமே கல்யாணமானவராக இருந்த சமயத்தில், அந்தப் பெருந்தன்மை அவருக்கு வந்தது.

நான் கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பால் சங்கம், வீட்டுவசதிச் சங்கம், தொடக்க வேளாண்மைச் சங்கம் என்று துணைவிதிகளைப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். பதிவு செய்யப்படாத சங்கத்தின் துணைவிதிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பதிவு செய்யப்பட்ட சங்கங்களில் துணைவிதிக்கு இருந்த மதிப்பையும் நான் பார்த்திருக்கிறேன். அதோடு ஒப்பிட்டால் எங்கள் குழு ஒழுங்காகத்தான் நடந்தது. தொடக்கம் முதல் நான்தான் செயலாளர், ரிதம் கிடாரும் நான்தான். இரண்டு பதவிக்கும் வேறு யாரும் போட்டியிட்டதில்லை.

நாங்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது நிறுவனரின் அப்பச்சி, அதாவது அப்பா, மலேசியாவிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கிடார் அனுப்பினார். அதை இணைக்க வேண்டிய பெட்டியை அனுப்பவில்லை. திருவிழாவுக்கு மைக் செட் போடுகிறவரிடம் ஆம்ப்ளிஃபயரை வாங்கி வந்து அதில் கிடாரைச் செருகினோம். சத்தம் கிழிந்து, உறுமிக்கொண்டு வந்தது. ராக் இசை என்பது மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் தாங்கும் சக்தியைத் தாண்டிய சத்தம் என்று நாங்கள் புரிந்துகொண்டது அப்படித்தான். பின்னால் விசாரித்தபோது அது ஏறக்குறைய சரி என்றே தெரிந்தது. அவர்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில்தான் பயிற்சி. அவருடைய அப்பத்தா ஒரு முறை எட்டிப் பார்த்து, "இப்படி இடிச்சும் ஒரு பொட்டு மழை இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

ஊரில் எங்களுக்குக் கிடார் செட் என்று பெயர். மேள செட், மைக் செட் போல. நாங்கள் வைத்துக்கொண்ட ஆங்கிலப் பெயர் நோட்டீஸில் மட்டும் இருந்தது. அதையும் அச்சகத்தார் ஆண்டுக்கு ஒரு விதமாக அடித்தார்கள்.

குழுவில் இருந்தவர்களையும் போனவர்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் டிரம்மர் வங்கி வேலை கிடைத்து வடக்கே போனார். இரண்டாமவர் புதுவயல்காரர், அரிசி ஆலையில் வளர்ந்தவர். ஆலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, அதற்கு மேலே அடித்துப் பழகிய கை. இன்றுவரை அவர்தான் டிரம்மர். முதல் பேஸ் கிடார்காரர், கிடாரில் நான்கு கம்பிதான் இருக்கிறது, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டு விலகினார். அந்த நான்கு கம்பியை எடுத்துக்கொண்டவர் தச்சுக் குடும்பத்துப் பையன், எங்களைவிட மூன்று நான்கு வயது இளையவர். அவரும் இன்றுவரை இருக்கிறார். இப்போது பிளைவுட் கடை வைத்திருக்கிறார்.

பாடகர்கள் தங்கவில்லை. ஒருவர் கட்சியில் சேர்ந்து மேடைப் பேச்சாளர் ஆனார். குரல் அதே குரல், தாளம் மட்டும் போய்விட்டது. இன்னொருவர் பக்திப் பாட்டு மட்டும்தான் பாடுவேன் என்று சொல்லிப் போய், பிறகு நகைக்கடை விளம்பரத்துக்குப் பாடினார். கீபோர்டுக்காரர்கள் விலகுவதே இல்லை. ஒரே நேரத்தில் நான்கு குழுக்களில் இருப்பார்கள், எந்தக் குழுவுக்கு எந்த ஊர் என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம் வரும். லீட் கிடாரில் நிறுவனருக்குப் பிறகு ஆறேழு பேர் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவர் கணினி ஆசிரியையாக வேலை பார்க்கும் ஓர் இளம்பெண். முன்னே இருந்த ஆண்கள் எல்லோரையும்விட நேரத்துக்கு வருகிறவர். தொடர்ந்து ஐந்தாண்டு வாசித்தால்தான் உறுப்பினர் என்பது விதி 6. அந்த ஐந்தை எட்டியவர்கள் அபூர்வம். ஆகவே இத்தனை பேர் வந்து போயும் உறுப்பினர் பதிவில் மிஞ்சியவர்கள் நான்கு பேர்: நிறுவனர், டிரம்மர், பேஸ்காரர், நான்.

நிறுவனர், அவருடைய அப்பச்சி காலமானதும் மலேசியாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். போகும்போது கிடாரை எடுத்துப் போனார், ஒரு பாட்டை விட்டுப் போனார். பாட்டு என்றால் வார்த்தை கிடையாது, வாத்தியம் மட்டும். அவரே போட்டது. பேஸ் கிடார் தனியாகத் தொடங்கும். டிரம்ஸ் அதற்குள் நுழையும், மற்றவை பிறகு வரும். அந்தப் பாட்டு ஒரு சம்பிரதாயமானது எங்கள் முயற்சியால் அல்ல.

புதுவயல் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி அரிசி ஆலை லாரிக்காரர்களுடையது. அன்று சாமி புறப்பாடு முடிந்ததும் எங்கள் நிகழ்ச்சி. முதல் வருடம் நிறுவனருக்குப் பொறுமை இல்லை, சாமி வருவதற்கு முன்பே அந்த வாத்தியப் பாட்டைத் தொடங்கிவிட்டார். சப்பரம் மேடைக்கு முன்னால் வந்தது. நின்றது. பாட்டு முடிகிற வரைக்கும் நின்றது. முடிந்ததும் நகர்ந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உண்மையில் எங்கள் ஸ்பீக்கர் ஒயர் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. சப்பரச் சக்கரம் அதில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேர் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடை உயரத்திலிருந்து பார்த்த எனக்கு அது தெரிந்தது. கூட்டத்துக்குத் தெரிந்தது வேறு. மறுவருடம் ஒயரை மேலே கட்டினோம், ஆனால் சாமி நின்றது. இழுத்து வந்தவர்கள் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் லாரிக்காரர்கள் மண்டகப்படியில் சாமி மேடை முன்னால் நிற்கும், நாங்கள் ராக் வாசிப்போம், முடிந்ததும் சாமி கிளம்பும். இது எப்படி வந்தது என்று ஓர் இளைஞர், ஒரு மடத்து அறிஞரிடம் கேட்டிருக்கிறார். அவர் பழைய வழக்கம் என்று சொல்லிவிட்டாராம்.

இதெல்லாம் இருக்க, நாங்கள் வயதானோம். பணிக்காலத்தில் இளையான்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று என்னை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் குழுவிலிருந்து விலகவில்லை, விடுப்பில் இருந்தேன். விண்ணப்பம் எழுதி எனக்கு நானே அனுமதி வழங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு வியாழக்கிழமை தோறும் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி இப்போது பேஸ்காரரின் பிளைவுட் கிடங்கில். சுற்றிலும் அடுக்கியிருக்கும் பலகை சத்தத்தைக் குடித்துவிடும், தெருவுக்குத் தொந்தரவு இல்லை. என் மனைவி இறந்தபோது மட்டும் சில வாரங்கள் போகவில்லை. நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் முழுப் புள்ளியாக இருந்ததற்கு அவள்தான் காரணம். அவளுக்கு ராக் பிடிக்காது. புதுவயலுக்கு ஒரே ஒரு முறை வந்தாள். சாமி நிற்கும்போது கும்பிட்டாள், பாட்டு நடக்கும்போது காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் அவளுக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

விவகாரம் தொடங்கியது அவள் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு. புதுவயல் மேடையில் நாங்கள் நடுவில் ஒரு மெதுவான பாட்டு வாசித்தோம். அது முடிந்ததும் டிரம்மர் எழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். கீழே நின்ற இளவட்டங்களில் ஒருவன், "பெருசு, முட்டி பத்திரம்" என்றான். இன்னொருவன், "டிஜே போடுங்கய்யா, நாங்களும் ஆடணும்ல" என்றான். கெட்ட பிள்ளைகள் இல்லை. ஆட வந்தவர்கள், ஆட முடியவில்லை, அதைச் சொன்னார்கள். டிரம்மர் மறுபடி உட்கார்ந்து ஒழுங்காகவே வாசித்தார். திரும்பி வரும்போது வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, வழியெல்லாம் பேசாமல் வந்தார். அவர் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் என்னிடம் ஒரு தீர்மானம் கொடுத்தார். குழுவைக் கலைத்துவிடுவது. அதன்படி பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பை உள்ளூர் உறுப்பினர் இருவருக்கும் கையில் கொடுத்துக் கையொப்பம் பெற்றேன். தினமும் பார்க்கிறவர்களுக்கு எதற்கு அறிவிப்பு என்று கேட்டார்கள். தினமும் பார்ப்பது அறிவிப்பு ஆகாது.

கூட்டம் கிடங்கில். பலகை அடுக்கின் மேல் டிரம்மர், ஸ்டூலில் பேஸ்காரர், ஒரே நாற்காலியில் நான். தீர்மானத்தை வாசித்தேன்.

"கலைக்கிறதுன்னு சொல்லாதீக" என்றார் டிரம்மர். "ஆட்சியக் கலைக்கிற மாதிரி இருக்கு. நிறுத்துறதுன்னு போடுங்க."

"விதியில் கலைத்தல்தான் இருக்கிறது."

"சரி, கலைங்க."

பேஸ்காரர் அவரைப் பார்த்தார். "முட்டி வலிதானண்ணே? ஒங்க சீட்ட நான் ஒசத்திப் போட்டுத் தாரேன். அடியில ரெண்டு துண்டு வச்சுத் திருகுனா முடிஞ்சுச்சு."

"முட்டி இல்லடா. முட்டி எப்பயும் வலிக்கும். அந்தப் பயலுக சொன்னது சரிதான். நாமளா எறங்கினா நடந்து எறங்கலாம். அவுகளா எறக்கிவிட்டா என்ன ஆகும்? எனக்கு அந்த ஊரு. தெனமும் அந்தப் பயலுக மொகத்துல முழிக்கணும்."

"நான் வியாழக்கிழம என்ன செய்யிறதுண்ணே?"

"கடையத் தொற. ஊருல எல்லாரும் வியாழக்கிழம ஏவாரம் பாக்குறாகள்ல."

"ஏழு நாளும் பிளைவுட்டா?"

டிரம்மர் சிரித்தார். பேஸ்காரர் சிரிக்கவில்லை. அவருக்குக் குடும்பம் இல்லை. தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார், அம்மாவைப் பார்த்துக்கொண்டார், அம்மாவும் போய்விட்டார். மற்ற ஆறு நாளும் அவர் பிளைவுட் கடைக்காரர். வியாழக்கிழமை மட்டும்தான் பேஸ்காரர். அந்த ஒரு நாள் போனால் மிச்சம் என்ன என்பதைத்தான் அவர் கேட்டார். எங்கள் இருவருக்கும் அது புரிந்தது.

"சாமி வந்து நிக்குமே. யாரு வாசிப்பா?" என்றார்.

"பென் டிரைவுல போடுவாக. சாமிக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"தெரியும்ணே."

"ஒனக்கு அரைதான்டா தம்பி. முழுசா இருந்தா ஓட்டுல என்னைத் தடுத்திருப்ப. அன்னைக்கே ஒருத்தியக் கட்டியிருக்கணும்."

"அன்னைக்கு யாரும் கேக்கலண்ணே."

"இன்னைக்குக் கேட்டா?"

"பென்சன் இருக்கான்னு கேக்குறாக."

வாக்கெடுப்பு நடந்தது. கலைக்க வேண்டும் என்று டிரம்மர். கூடாது என்று பேஸ்காரர். நானும் கூடாது என்றே வாக்களித்தேன். காரணம் பதிவு செய்யவில்லை. விதி காரணம் கேட்கவில்லை.

டிரம்மர் விரலை மடக்கி எண்ணினார். "செகரட்டரிக்கு ஒண்ணு. தம்பிக்கு அரை. ஒன்றரை. எனக்கு ஒண்ணு. தோத்தேன். விடு. டீ சொல்லுடா." அவர் தோற்றதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பேஸ்காரர் டீக்கடைக்குப் போன் போட்டார்.

"ஓர் ஒழுங்குப் பிரச்சினை இருக்கிறது" என்றேன்.

"என்னது?"

"எனக்கு ஒன்று இல்லை. அரை."

பேஸ்காரர் போனைக் கீழே வைத்தார். டீக்கடைக்காரர் அதற்குள்ளிருந்து எத்தனை டீ, எத்தனை டீ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"யாரு சொன்னா?" என்றார் டிரம்மர்.

"விதி நான்கு. துணையை இழந்தவர்."

"மதினி போயி ரெண்டு வருசம் ஆச்சு. நாங்க யாராச்சும் ஒங்கள அரைன்னு சொன்னமா?"

"சொல்லியிருக்க வேண்டும். நான் முன்வரிசையில் நின்றதும் தப்பு."

"மதினி இருக்காகன்னே வச்சுக்குவம்." அவர் பலகையிலிருந்து இறங்கி வந்தார். "தோக்குறவன் நானு. நானே சொல்றேன். எனக்கு ஆட்சேபண இல்ல. எழுதிக்கங்க."

"இல்லாதவரை இருப்பதாகக் கணக்கில் காட்டுவதற்காகச் சங்கச் செயலாளர்களைப் பணிநீக்கம் செய்திருக்கிறேன்" என்றேன். "எனக்கு நானே விதிவிலக்கு கொடுத்துக்கொள்ள முடியாது. அவள் இல்லை."

டிரம்மர் மறுபடி பலகை அடுக்கில் ஏறி உட்கார்ந்தார். பேஸ்காரர்தான் கேட்டார். "ஏண்ணே இப்படிச் செய்யிறீக? செயிச்ச ஓட்டு."

அவருக்கு நான் கணக்கைச் சொன்னேன். கலைக்க ஒன்று. கூடாது என்பதற்கு அரையும் அரையும் ஒன்று. சமம். சமமாக நின்றால் விதி 11: "நிறுவனரின் எழுத்துமூலமான முடிவே இறுதி." ஆகவே நிறுவனருக்கு எழுத வேண்டும். அவருடைய பதில் வரும்வரை தற்போதைய நிலையே நீடிக்கும். அதாவது குழு இருக்கும், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை நடத்தும்.

டிரம்மர் என்னையே பார்த்தார். "அவரு நமக்குப் பதில் போட்டு எத்தன வருசம் இருக்கும்?"

"நான் விடுப்பில் இருந்த காலத்தையும் சேர்த்தா?"

"அடப்பாவி மனுசா" என்றார். பிறகு பேஸ்காரரைப் பார்த்துச் சொன்னார்: "டேய், அந்த டீக்கடைக்காரன் இன்னும் கத்துறான் பாரு. மூணுன்னு சொல்லு."

பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையுடன். ஒப்புகை வந்தது, யாருடையது என்று தெரியாத கையெழுத்துடன். பதில் வரவில்லை. உரிய இடைவெளி விட்டு நினைவூட்டு அனுப்பினேன். அடுத்த இடைவெளிக்குப் பிறகு இரண்டாவது நினைவூட்டு. இது பேஸ்காரருக்குப் பிடிக்கவில்லை. அவர் கடை வழியாகத்தான் தபால்காரர் போவார். அவர் சைக்கிளைப் பார்த்ததும் இவர் குனிந்து எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

"நினைவூட்டு கட்டாயமாண்ணே?"

"கட்டாயம்."

"அட்ரஸக் கொஞ்சம் தப்பா எழுதுனா?"

"அதற்கு வேறு விதி இருக்கிறது."

அடுத்த திருவிழா வந்தது. தற்போதைய நிலை நீடித்ததால் போனோம். டிரம்மரின் இருக்கைக்கு அடியில் பேஸ்காரர் இரண்டு துண்டு பலகை வைத்துத் திருகியிருந்தார். நான் பின்வரிசையில் நின்றேன். அரைப் புள்ளிக்கு அதுதான் இடம். லீட் வாசிக்கும் ஆசிரியை, "ஏன் சார் பின்னாடி போயிட்டீங்க?" என்று கேட்டார். நிர்வாகக் காரணம் என்றேன்.

பேஸ்காரர் குழுவுக்கு வரும் முன்பே நான் முழுப் புள்ளி ஆகிவிட்டதால், அத்தனை வருடம் ஒரே மேடையில் இருந்தும் பேஸ்காரருக்குப் பக்கத்தில் நின்று வாசித்தது அதுதான் முதல் முறை. டிரம்ஸ் உட்கார்ந்து வாசிப்பது, ஆகவே நிற்கும் வரிசைக் கணக்கில் வராமல் பின்னால்தான் இருக்கும். பேஸ்காரர் அதற்கு அருகில், கொஞ்சம் திரும்பி நிற்பார், கூட்டத்துக்கு அவருடைய தோள்தான் தெரியும். சாமி வந்து நின்றதும் விளக்கு எல்லாம் சப்பரத்துப் பக்கம் திரும்பியது. பேஸ் தொடங்கியது. முன்வரிசையில் நின்றபோது அந்தச் சத்தம் எனக்கு முதுகுக்குப் பின்னால் எங்கோ இருக்கிற ஒன்று. பக்கத்தில் நின்றபோது அது மேடைப் பலகை வழியாகக் காலில் ஏறியது. டிரம்மர் எப்போது நுழைய வேண்டும் என்பதை அவர் தலையை அசைத்துச் சொல்கிறார். எனக்கு எப்போது என்பதையும் அவர்தான் சொல்லிவந்திருக்கிறார், நான்தான் பார்த்ததில்லை. இத்தனை காலமும் நான் சரியான நேரத்தில் சேர்ந்துகொண்டது என் திறமை என்று நினைத்திருந்தேன். டிரம்ஸைக் கேட்டு நுழைந்திருக்கிறேன், டிரம்ஸ் இவரைப் பார்த்து நுழைந்திருக்கிறது.

இளவட்டங்கள் அந்த வருடமும் வந்திருந்தார்கள். சாமி நின்றபோது போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள், சாமி போனதும் டிஜே கேட்டார்கள். விழாக்குழு மறுநாளைக்கு டிஜே ஏற்பாடு செய்திருப்பதாக மைக்கில் அறிவித்தது. பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. முந்தைய வருடமே யாராவது அந்த அறிவிப்பைச் செய்திருக்கலாம்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் வணக்கம் சொல்வது நின்றுபோனது. வியாழக்கிழமை கிடங்குக்குள் நுழையும்போதே டிரம்மர், "பதில் வந்துச்சா?" என்பார். "வரவில்லை" என்பேன். "அப்ப வாசிப்பம்" என்று உட்காருவார். ஒரு நாள் வாசித்து முடித்துக் குச்சிகளைத் துணியில் சுற்றிக்கொண்டே, "தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். "முட்டி இப்பப் பரவால்ல. சீட்டு ஒசரமா இருக்கு."

பேஸ்காரர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டியிருந்தது. மேல்முடிவுக்கு அனுப்பப்பட்ட தீர்மானத்தை அதைக் கொண்டுவந்தவர் திரும்பப் பெற முடியாது. விஷயம் இப்போது எங்கள் கையில் இல்லை.

"அப்ப அவரு கலைன்னு சொன்னா?" என்றார் டிரம்மர்.

"கலைக்க வேண்டும்."

"நாங்க யாருமே கலைக்கக் கூடாதுன்னு சொல்லும்போதா?"

"ஆமாம்."

"இவரு பென்சன் வாங்குறது வீணில்லடா தம்பி" என்றார் டிரம்மர். பேஸ்காரர் எனக்கு அன்று டீ சொல்லவில்லை. நியாயம்தான். பதில் வராதவரை அவருக்கு வியாழக்கிழமை உண்டு. நான் நினைவூட்டுகளை நிறுத்தவில்லை. நாலாவதையும் அனுப்பினேன். அவர் அதைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று என்னைக் கெஞ்சவும் இல்லை. கடையிலிருந்தபடி, நான் அஞ்சலகத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு திருவிழாவும் போனது. லீட் வாசிக்கும் ஆசிரியைக்கு ஐந்தாண்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, அவருக்குக் கல்யாணப் பேச்சும் நடக்கிறது. முழுப் புள்ளியாகவே உள்ளே வந்துவிடுவார் போலிருக்கிறது.

பதில் வந்தது தபாலில் அல்ல. ஒரு வியாழக்கிழமை, பயிற்சிக்கு நடுவில், தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவர் நிறுவனரின் பேத்தி. தாத்தாவின் பழைய வீட்டு முகவரிக்கு வந்து குவிந்திருந்த கடிதங்களை இப்போதுதான் கண்டெடுத்தார்களாம். தாத்தா உடம்புக்கு முடியாமல் இருந்தாராம், இப்போது தேவலையாம், எழுதக் கை வராததால் பேசி அனுப்புகிறாராம். இதை அந்தப் பெண் ஒரு வரியில் எழுதியிருந்தார். அதற்குக் கீழே பதிவு.

பேஸ்காரர் தன் கிடாரின் ஒயரைப் பிடுங்கி, வேறு ஒயரால் என் போனை அவருடைய ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். மூவரும் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றோம். நிறுவனரின் குரல் கனத்து, தரையோடு ஒட்டி வந்தது.

"என்னப்பா செகரட்டரி. ஒன்னோட காயிதமெல்லாம் இப்பத்தான் வாசிச்சுக் காட்டுனாக. நெனவூட்டு நெனவூட்டுன்னு எத்தன போட்டிருக்க. விதி நாலு, நாலுங்கிறியே, அத நானா எழுதுனேன்? எனக்கு ஞாபகமே இல்ல. பேஸ்காரன் அரையா? இத்தன வருசமும் அவன அரையாவா வச்சிருந்தீக?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நான் முடிவு சொல்ல மாட்டேன். அங்க இல்லாதவன் என்னத்தச் சொல்றது. எனக்கு ஒரு புள்ளி இருக்குல்ல? எங்க வீட்டு ஆச்சியும் பக்கத்துலதான் உக்காந்திருக்கா, முழுசாத்தான் இருக்கு. அந்தப் புள்ளிய அவனுக்குக் கொடுத்துட்டேன். அவன் சொல்றதுதான் முடிவு. ஆமா, சாமி இன்னும் நிக்குதா?"

அத்தோடு முடிந்தது. ஆம்ப்ளிஃபயர் இரைந்துகொண்டிருந்தது.

டிரம்மர் விரலை மடக்கினார். "அரையும் ஒண்ணும் ஒன்றரை. அரையாக் கெடந்த பய எங்களையெல்லாம் தாண்டிட்டானே. சொல்லுங்க எசமான், கலைப்பமா?"

பேஸ்காரர் ஒயரைத் திரும்பத் தன் கிடாரில் செருகிக்கொண்டே, "வேண்டாம்ணே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

அவர் எதற்காகப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஒருவர் தன் புள்ளியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எங்கள் விதிகளில் இடம் இல்லை. தடையும் இல்லை. ஆனால் விதி 11 'எழுத்துமூலமான முடிவு' என்று தெளிவாகச் சொல்கிறது, குரல் பதிவு எழுத்து ஆகாது.

"எழுத்துல வேணும்னு கேக்கப் போறீகளா?" என்றார் டிரம்மர்.

"வேண்டாம்" என்றேன்.

ஒன்றரைப் புள்ளிக்காரர் இனி முன்வரிசையில் நிற்க வேண்டும் என்று அவருக்கு நினைவூட்டினேன். அங்குட்டு நின்றால் டிரம்ஸ் சரியாகக் கேட்காது என்று மறுத்துவிட்டார். அதைக் குறித்துக்கொண்டேன். சாமி இன்னும் நிற்கிறது என்று மலேசியாவுக்கு எழுதினேன். நடவடிக்கைக் குறிப்பில் கடைசியாக இருப்பது ஒரே வரி: நிறுவனரின் பதில் பெறப்பட்டது, மாசி மாதம் இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை.